ஆறு பேணிகளும் ஒரு மில்லியன் இறாலும்

போன கிழமை இறால் குஞ்சு பொரிப்பகத்தில் இருந்து இரண்டு பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே இப்போது குஞ்சுகளைப் படம் பிடித்து, கண் மூடித் திறக்கும் முன் எண்ணிச் சொல்லும் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். எனக்குப் பரம சந்தோஷம். அது முன்பே வந்திருந்தால் என் கழுத்து நோவில் பாதியாவது குறைந்திருக்கும். பிள்ளைகளின் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

"மலரக்கா, அக்கராயன் குளத்துக்குக் குஞ்சு கொண்டு போனனாங்கள். மெசின்ர கணக்கைக் காட்டினால், சங்கத் தலைவி ஏறெடுத்தும் பாக்கிறா இல்லை. சுவரில ஆறு பழைய பால்மாத் தகரப் பேணி தொங்குது. அதுக்குள்ள ஒரு சோகியைப் போட்டுப்போட்டுத்தான் கையெழுத்து வைக்கிறா. என்ன சங்கதியக்கா?"

எனக்கு வந்த சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது. அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பாதி அவர்களுக்கு விளங்கியிராது.

நான் முல்லைத்தீவுக்காரி. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கடலேரிக் கரையில் அந்தப் பொரிப்பகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் மண் சுமந்தேன், பிறகு தொட்டி கழுவினேன், பிறகு தண்ணீரின் உப்பு பார்த்தேன். என் பயிற்சிக்காலம் என்று சொன்னால் அவ்வளவுதான். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் சிவம். வேலையில் புலி, வாயில் எந்நேரமும் கச்சான் கடலை. சட்டைப் பையில் கச்சான் இல்லாத நாளில் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

நாங்கள் வளர்த்தது குளத்து இறால். அது குளத்தில் வாழும், ஆனால் குஞ்சாக இருக்கும்போது உப்புத் தண்ணீர் கேட்கும். அதனால் கடலேரிக் கரையில் பொரிக்க வைத்து, தேறிய பிறகு வன்னிக் குளங்களுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். இந்த வித்தை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தொடக்கத்தில் பொரித்த குஞ்சுகளை எல்லாம் பத்திரமாகக் கொன்றோம். அப்போதுதான் எங்களுக்கு வேலை பழக்கத் தாய்லாந்தில் இருந்து நொய் மிஸ் வந்தார்.

என்னைவிட வயதில் நன்றாக இளையவர். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். முதல் நாள் காலையில் நாங்கள் தலைசீவி, முகத்துக்குப் பவுடர் பூசி, வரிசையாக நின்று வரவேற்றோம். அவர் எங்களை மோந்து பார்த்தார். உண்மையாகத்தான் சொல்கிறேன், ஒவ்வொருவராக மோந்து பார்த்துவிட்டு, கிணற்றடியைக் காட்டினார். பவுடர், நல்லெண்ணெய், சவர்க்காரம் எதுவும் தொட்டிப் பக்கம் வரக்கூடாதாம். பூப்போட்ட சேலையில் வந்த எங்கள் அதிகாரி ஐயாவின் மனைவியும் முகம் கழுவித்தான் உள்ளே போனார்.

நொய் மிஸ்ஸுக்கு ஆங்கிலம் அரைகுறை, எங்களுக்கு அதில் காலே அரைக்கால். மாதம் போகப்போக அவர் எங்கள் தமிழைத் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டார். எங்களை விரட்ட முதலில் பிடித்த சொல் "கெதியா". இரண்டாவது, "கெதியா கெதியா". என்னை "பீ மலர்" என்று கூப்பிடுவார். பீ என்றால் அவர்கள் பாஷையில் மூத்தவர், அக்கா என்ற மரியாதை. அது தெரியவரும்வரை நான் பட்ட பாட்டைச் சிவத்திடம் கேளுங்கள். கோபம் வந்தால் அவர் ஏசமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பு நீளநீள நாங்கள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நழுவுவோம்.

குஞ்சு எண்ணும் முறையை அவர்தான் பழக்கினார். கண்ணாடி ஊசிபோல உடம்பும் இரண்டு கறுப்புப் புள்ளிக் கண்ணும் உள்ள உயிர்கள். கையால் தொடமுடியாது, நிற்கச் சொன்னால் நிற்காது. ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, சின்னக் கரண்டியால் ஒவ்வொன்றாக விட்டு ஆயிரம் குஞ்சு சரியாக எண்ணவேண்டும். பிறகு அதே அளவு கோப்பைகளில், அதே அளவு தண்ணீரில், பார்வைக்கு முதல் கோப்பை மாதிரியே அடர்த்தி வரும்வரை குஞ்சு அள்ளி விடவேண்டும். ஒருவர் முதல் கோப்பையையும் மற்றதையும் மாறி மாறிப் பார்த்து "கூட", "குறைய" என்று சொல்லுவார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்தால் அந்தக் கோப்பையும் ஆயிரம்.

ஈரக் கையோடு எழுத முடியாது. அதற்காகத்தான் ஆறு பேணிகள். அவரே கம்பியில் வரிசையாகக் கொழுவி, ஒவ்வொன்றிலும் தங்கள் எழுத்தில் ஒரு பெயர் எழுதினார். சிப், றோய், பன், மூன், ஸேன், லான். சிப் பத்து, றோய் நூறு, பன் ஆயிரம். ஸேன் எங்கள் இலட்சம், லான் பத்து இலட்சம். ஒரு கோப்பை முடிந்தால் பன் பேணியில் ஒரு சோகி, அதாவது ஒரு சோழி. ஒரு பேணியில் பத்துச் சோகி சேர்ந்தால் அதைக் கொட்டிவிட்டு, அடுத்த பேணியில் ஒரு சோகி போடவேண்டும். ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

இடையில் மூன் என்று ஒன்று இருக்கிறதே, அது பத்தாயிரம். நாங்கள் "பாட்டு" என்று சொல்லும்போது கடைசியில் வாய் குவியாமல் ஒரு உகரம் வருமே, அதை நீட்டி, முன்னால் ஒரு "ம்", பின்னால் ஒரு "ன்" போட்டால் அந்தச் சொல் வரும். எங்களுக்குப் பத்தாயிரம் என்றால் பத்து ஆயிரம்தான், அதற்கென்று தனிப்பெயர் கிடையாது. ஆயிரத்தை விட்டால் அடுத்த வீடு இலட்சம். அவர்களுக்கோ மில்லியன் வரை ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரு பெயர் உண்டு, வீடு விடாமல் ஆள் குடியிருக்கிறது.

எங்கள் ஊரில் கந்தோரில் கோப்போடு இருப்பவர்கள் மில்லியனில் பேசுவார்கள், வயலில் நிற்பவர்கள் இலட்சத்திலும் கோடியிலும் பேசுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் விரல் மடித்துத்தான் விளங்கிக்கொள்வார். நொய் மிஸ்ஸின் பேணிகள் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தின. இலட்சத்துக்கும் பெயர், மில்லியனுக்கும் பெயர். எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது சிவம் கேட்டான்.

"மிஸ், லானுக்கு மேல என்ன?"

"சிப் லான்."

"அது எங்கட கோடி. அதுக்கு மேல?"

"றோய் லான். பன் லான். மூன் லான். ஸேன் லான்."

"அதுக்கும் மேல?"

"லான் லான்."

சிவம் தும்புக்கட்டையைக் கீழே போட்டான். "எட, பேர் முடிஞ்சுபோச்சு! இனித் திருப்பிச் சொல்லினம்!"

நான் விடுவேனா? எங்கள் பழைய கணக்கில் சங்கு என்று ஒரு எண், தாமரை என்று ஒரு எண், வெள்ளம் என்றுகூட ஒரு எண் இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஞாபகத்தில் எடுத்துவிட்டேன். கையால் சங்கு ஊதி, தாமரை விரித்து, வாளித் தண்ணீரைக் கவிழ்த்து வெள்ளமும் காட்டினேன். நொய் மிஸ் தங்கள் பழைய நூல்களிலும் கோடி உண்டு, "கோட்" என்பார்களாம், சந்தையில் அதை ஒருவரும் பாவிப்பதில்லை என்றார். எண்ணவே முடியாதது என்று பெயர் வைத்த ஒரு எண்ணும் உண்டாம், ஒன்றுக்குப் பின்னால் நூற்று நாற்பது பூச்சியம். எண்ண முடியாததற்குப் பூச்சியத்தை மட்டும் எப்படி எண்ணினார்களோ! கடைசியில் அவர் இடுப்பில் கை வைத்து, "லான் லான் லான் லான்" என்று மூச்சு முட்டும்வரை சொன்னார். சொல்லச்சொல்ல ஒவ்வொரு லானுக்கும் எண் மில்லியன் மடங்கு வீங்கிக்கொண்டே போகிறது. எனக்குத் தலை சுற்றியது. சிவம் ஈரச் சீமெந்தில் படுத்துக் காலை உதைத்துச் சிரித்தான். தோல்வியை ஒப்புக்கொண்டோம்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே எங்களுக்கு ஒரு பெரிய பயமும் இருந்தது. அக்கராயன் குளத்து நன்னீர் மீனவர் சங்கம்தான் முதன்முதலில் எங்கள் குஞ்சை வாங்கச் சம்மதித்தது. குஞ்சு விட்டால் அது வளரும்வரை சின்னக் கண் வலை போடக்கூடாது. அவர்களுக்கு அது அடுப்போடு சம்பந்தப்பட்ட காரியம். முன்னர் எங்கிருந்தோ வந்தவர்கள் ஏராளம் குஞ்சு என்று மேளம் அடித்துவிட்டு, பாதி செத்ததைக் கொட்டிவிட்டுப் போனதாக அவர்களுக்கு ஆத்திரம் வேறு. எங்கள் அதிகாரி போய் ஒரு மில்லியன் தருவதாக வாக்குக் கொடுத்தார். மில்லியன் வந்தால் வலையைக் கரையில் போடுவோம் என்று சங்கம் மயிரிழையில் சம்மதித்தது. அவர்கள் மறுத்தால் வேறு எந்தக் குளமும் எங்களை நம்பாது, பொரிப்பகத்தைப் பூட்டவேண்டியதுதான்.

குஞ்சு தேறி, அறுவடைக்கு நாள் குறித்த நேரத்தில் நொய் மிஸ்ஸின் விசா முடிந்தது. அவர் கொழும்புக்கு ஓடினார். "பீ மலர் எண்ணு. நான் மாங்குளம் ரயில் இறங்கு. லொறி நான் ஏறு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் எண்ணினோம். நான் கோப்பை பார்த்தேன், மற்றவர்கள் அள்ளினார்கள், சிவம் சோகி போட்டான். பக்கத்து அறையில் இரண்டு பெண்கள் கோப்பைக்கு ஒரு பை என்று ஒட்சிசன் அடைத்துக் கட்டினார்கள். கண்ணில் கறுப்புப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியாத நிலையில் நான் நின்றபோது, கடைசிப் பேணியில் "டங்" என்று ஒரு சத்தம் கேட்டது.

சிவம் கத்தினான். "மலரக்கா! லான்! லான் விழுந்திட்டுது!"

அந்தப் பேணிக்குள் அதுவரை ஒரு சோகியும் விழுந்ததில்லை. நாங்கள் ஈரக் கையோடு கட்டிப்பிடித்துக் குதித்தோம். அதிகாரி ஐயா தொலைபேசியை எடுத்தவர் வைக்கவேயில்லை. கந்தோர், சங்கம், மச்சான், சகலன் எல்லாருக்கும் மில்லியன். அக்கராயனில் பந்தல் போடச் சொன்னார், மேளம் பிடிக்கச் சொன்னார். பேணிகளையும் காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார். நூறு பைகளைச் சின்ன லொறியில் அடுக்கினோம். மில்லியன் எப்படி இருக்கும் என்று எங்களில் எவர் முன்னே கண்டது? நூறு பையைச் சேர்த்துப் பார்த்தபோது மில்லியன் மாதிரித்தான் இருந்தது.

மாங்குளம் ஸ்ரேசன் வாசலில் நொய் மிஸ் பையோடு நின்றார். லொறியின் பின் கதவைத் திறந்து பார்த்தார். வீதியைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டில்தான் வந்துகொண்டிருந்தது.

"மற்ற லொறி எங்க?"

"வேற லொறி இல்லை மிஸ். இவ்வளவும்தான்."

"எத்தனை?"

"லான்!" என்றோம் நானும் சிவமும் ஒரே குரலில்.

ஒரு பையைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். முன் இருக்கைப் பக்கம் வந்தார். என் மடியில் பேணிகள் கம்பியோடு இருந்தன. எண்ணினார். ஐந்து. பிறகு அவருடைய பார்வை மெல்லச் சிவத்தின் பக்கம் போனது. அவன் முழங்கால்களுக்கு நடுவே ஆறாவது பேணி இருந்தது. மூன். விளிம்புவரை கச்சான்.

நொய் மிஸ் சிரிக்கத் தொடங்கினார். அது நீண்டது.

"அது சும்மா நடுவில தொங்கினது மிஸ்," என்றான் சிவம் பேணியைக் கையால் மூடியபடி. "ஆயிரத்துக்குப் பக்கத்தில லட்சம்தானே? இது என்னத்துக்கு எண்டுபோட்டுக் கழட்டினனான்."

பத்து ஆயிரம் சேர்ந்ததும் ஒரு சோகியை நேரே இலட்சத்தில் போட்டிருக்கிறான். ஐந்து பேணிதான் தொங்குகிறது என்று என் தமிழ்க் கண்ணுக்கும் உறைக்கவில்லை, ஆயிரத்துக்குப் பக்கத்தில் இலட்சம் இருப்பது எனக்கும் இயல்பாகவே தெரிந்தது. எங்கள் மில்லியன் வெறும் ஒரு இலட்சம். ஒரு தாய்லாந்துக்காரர் இந்தப் பிழையைக் குடித்துவிட்டுக்கூட விட்டிருக்கமாட்டார்.

திரும்பிப் போகவும் முடியாது, பைக்குள் இருப்பவை சாகும். முன்னே போனால் பந்தல், மேளம், மில்லியன்.

லொறி ஏ-ஒன்பது வீதியில் ஏறியதும் சிவம் என் காதுக்குள் சொன்னான். "மலரக்கா, பேசாமல் விடுவம். தண்ணிக்குள்ள விட்டாப் பிறகு ஆர் எண்ணப்போகினம்?"

பொய் சொல்லமாட்டேன், என் மனமும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. நொய் மிஸ்ஸுக்கு அது விளங்கிவிட்டது. "நீ லான் சொல்லு," என்றார். "அவை காத்திரு. பிறகு வலை போடு. லான் தேடு. இல்லை. அப்ப என்ன சொல்லு?"

சிவம் மூன் பேணியைக் காலடிக்குத் தள்ளினான்.

முறிகண்டியில் எந்த வாகனமும் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. உள்ளே இலட்சம் உயிர் துடித்தாலும் சாரதி நிறுத்தத்தான் செய்தார். சிவம் இரண்டு தேங்காய் அடித்தான். வழக்கமாக அவன் முதலில் ஓடுவது கச்சான் கடைக்கு. அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கராயனில் பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டோம். பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை திறக்கக்கூடாது. அதுதான் எனக்குக் கிடைத்த அவகாசம். அதிகாரி ஐயா ஒலிவாங்கியில் மூச்சுக்கு ஒரு மில்லியன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சங்கத் தலைவி பாக்கியம் அக்காவிடம் போனேன். மலையகத்தில் இருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். கச்சை கட்டிய சாரத்தோடு நிற்கும் ஆண்களை ஒரு பார்வையில் உட்காரவைக்கும் ஆள்.

"அக்கா, இது மில்லியன் இல்லை. ஒரு லட்சம்தான். நாங்கள் பிழையா எண்ணிப்போட்டம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து மடங்கா? எப்புடிங்க?"

என்னால் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை. சிவத்தை இழுத்துவந்தேன். அவன் பந்தலுக்கு முன்னால் ஐந்து பேணிகளை வரிசையாக வைத்து, ஆறாவதைத் தூக்கிக் காட்டி, ஒலிவாங்கியில் நடந்ததைச் சொன்னான். அதிகாரி ஐயா கதிரையில் சரிந்தார். யாரோ ஒருவர், "அப்ப எங்கட ஒன்பது லட்சத்தையும் கச்சானெண்டு திண்டிட்டியோ?" என்று கேட்க, குளக்கட்டே அதிரும்படி ஒரு சிரிப்பு வெடித்தது.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு பெரியவர் எழும்பினார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அங்கே வயல் செய்தபடி மீனும் பிடிப்பவர். "பகிடி சரி. லட்சத்துக்கு வலையைக் கரையில போடேலுமே? பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" நியாயமான கேள்வி. பல தலைகள் ஆடின.

பாக்கியம் அக்கா ஒலிவாங்கியை வாங்கினார்.

"இங்க வந்தவங்க எல்லாரும் கூட்டித்தான் சொன்னாங்க. குறைச்சுச் சொன்ன மொத ஆளுங்க இவங்கதான். இன்னிக்கு வாய மூடிக்கிட்டு விட்டுட்டுப் போயிருந்தா நமக்குத் தெரியுமா? நான் என் வலைய எடுத்துர்றேன். மத்தவங்க யோசிச்சுக்குங்க."

அவருடைய கை உயர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. கடைசியில் அந்தப் பெரியவரும் தலையைச் சொறிந்தபடி கையைப் பாதி தூக்கினார். அந்தப் பாதியையும் நாங்கள் முழுசாக எண்ணிக்கொண்டோம்.

"ஆனா ஒண்ணு," என்றார் பாக்கியம் அக்கா. "பேணி ஆறும் எங்ககிட்ட இருக்கட்டும். நீங்க கொண்டாற ஒவ்வொரு லட்சத்துக்கும் எங்க கையால சோகி போடுறோம். மில்லியன் வந்துச்சா இல்லையான்னு நாங்க சொல்றோம்."

லான் பேணிக்குள் கிடந்த பொய்ச் சோகியை அவரே எடுத்து ஸேன் பேணியில் போட்டார். நொய் மிஸ் இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கெதியா கெதியா!" என்றார். பைகளைத் திறந்தோம். குஞ்சுகள் வெயிலில் ஒரு தரம் மின்னிவிட்டுக் காணாமல் போயின. மூன் பேணியைக் கழுவிக் கொடுப்பதற்காகச் சிவம் கச்சானைக் கூட்டத்துக்குப் பங்கிட்டான். அதற்குள் அவன் பாதி தின்றிருந்தான் என்பது வேறு கதை.

சில மாதங்களில் நீலக் கொடுக்கோடு இறால் வலையில் ஏறியது. பெரியவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து எங்களுக்கே அனுப்பினார். பிறகு ஒவ்வொரு அறுவடையிலும் அக்கராயனுக்கு ஒரு இலட்சம் போனது, ஸேன் பேணியில் ஒரு சோகி விழுந்தது. நொய் மிஸ் ஊருக்குத் திரும்பினார். எனக்கு மூட்டு நோவு வந்தது. பத்தாவது இலட்சம் நான் ஓய்வு பெற்ற அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. அது தற்செயல் இல்லை, அந்த லொறி போகும்வரை கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் கந்தோரில் அடம்பிடித்தேன்.

சங்கக் கட்டடத்தில் எல்லாரும் கூடினோம். கைப்பேசித் திரையில் நொய் மிஸ்.

"முதல்ல மூன் காட்டு!" என்றார் எடுத்த எடுப்பில்.

சிவம் மூன் பேணியைக் கழற்றித் திரைக்கு முன்னால் கவிழ்த்துத் தட்டினான். ஒரு கச்சான் தோல் விழுந்தது. "மிஸ், அது பழசு!" என்று அவன் அலறினான். திரையில் நொய் மிஸ்ஸைக் காணவில்லை, சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

பாக்கியம் அக்கா ஸேன் பேணியைக் கொட்டினார். பத்துச் சோகி. ஒன்றை என் கையில் தந்தார். "நீங்க போடுங்க."

போட்டேன். "டங்."

அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"இதுக்கு மேல என்னா பேரு?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா.

"தனிப்பேர் இல்லை அக்கா. திருப்பி முதல்ல இருந்துதான். பத்து லான் சேர்ந்தால் சிப் லான்."

அவர் சுவரில் இருந்த பேணிகளை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப இன்னும் ஒம்பது கொறையுது. தொட்டியக் கழுவச் சொல்லுங்க."

இந்தமுறை வலைக்காக வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. நான் வெளியே வந்து பார்த்தபோது சின்னக் கண் வலைகள் ஏற்கனவே மடித்துக் கரையில் கிடந்தன.